ஒற்றைச் செருப்போடு ஒரு டாக்டர்

கிழிந்த புடவையோடு அவர் மேடைக்குள் வந்ததும் ஒத்திகை நின்றுபோனது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மிருதங்கக்காரரின் கை தானாக அடங்கியது. ஓரமாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த கோரஸ் பெண்கள் இருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிரிப்பு வர வேண்டிய இடம் அது. பிரதியில் அந்த இடத்தில் ‘சிரிப்பு’ என்று அடைப்புக்குறி போட்டு எழுதியும் வைத்திருந்தேன்.

மூலத்தில் அது கால்சட்டை. ஹென்ரிக் இப்சன் 1882இல் எழுதிய ‘மக்களின் எதிரி’ நாடகத்தின் ஐந்தாம் அங்கம். முந்தைய இரவு ஊர்க்கூட்டம் டாக்டர் ஸ்டாக்மனை விரட்டியடித்திருக்கிறது. வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் உடைந்து கிடக்கின்றன. மனிதர் குனிந்து, உள்ளே வந்து விழுந்த கற்களைப் பொறுக்கிக் குவிக்கிறார். பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப்போகப் போகிறாராம். உருப்படியான கல் ஒன்றிரண்டுதான், மற்றதெல்லாம் பொடிக்கல், இந்த ஊர்க்காரர்களுக்கு ஒழுங்காகக் கல்லெறியக்கூடத் துப்பில்லை என்று அங்கலாய்க்கிறார். பிறகு தன் கால்சட்டையில் இருக்கும் கிழிசலைப் பார்க்கிறார். உண்மைக்காகச் சண்டை போடப் போகிறவன் நல்ல கால்சட்டையைப் போட்டுக்கொண்டு போகக் கூடாது என்கிறார். வேலை போய்விட்டது, வீடு போகப் போகிறது, பேச்சோ துணியைப் பற்றி. இந்த நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

நான் டாக்டரைப் பெண்ணாக்கியிருந்தேன். அதனால் கால்சட்டையைப் புடவையாக்கினேன். யோசிக்கவே இல்லை. கிழிந்த புடவையோடு ஒரு பெண் தமிழ் மேடையில் வந்து நின்றால், அவள் என்ன பேசினாலும் யார் காதிலும் விழாது. எல்லோர் கண்ணுக்கும் துரியோதனன் சபைதான் தெரியும்.

ஏன் பெண்ணாக்கினாய் என்று நாடகம் முடிந்தபிறகு பலர் கேட்டார்கள். கொள்கை விளக்கம் எதிர்பார்த்தவர்களை ஏமாற்ற வேண்டியிருந்தது. மதுரையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு மாடி அறையில் கூடும் சிறிய குழு எங்களுடையது. ஆசிரியர்கள், ஒரு காப்பீட்டு முகவர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர், விடிய விடியப் பாட்டும் பேச்சுமாக நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் நாற்பது ஆண்டு ஊறிய பெரியவர்கள் இருவர். அந்த இருவரில் ஒருவர் ஆர்மோனியம், மற்றவர் பழைய ராஜபார்ட், அதாவது கதாநாயக நடிகர். இவர்கள் கிடைத்தபின் இசை நாடகம் போடாமல் இருப்பது பாவம். ஆனால் மேடையில் இரண்டு மணி நேரம் சுருதி பிசகாமல் பாடக்கூடியவர் எங்களில் ஒருவர்தான் இருந்தார். அவர் ஒரு செவிலியர், ஐம்பது வயதை நெருங்குகிறவர். அவருக்குக் கதாநாயக வேடம் கொடுக்க வேண்டும். டாக்டர் பெண்ணானது அப்படித்தான்.

அவருக்கே ஆண் வேடம் போட்டுவிடலாமே என்றார் ராஜபார்ட் பெரியவர். தவறான யோசனை இல்லை. நம் மேடைக்கு அது புதிதும் இல்லை. கணவர் கிட்டப்பா 1933இல் இறந்தபின், ஆண்களோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று இருந்த கே.பி. சுந்தராம்பாள், 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் வாங்கிய 1 லட்சம் ரூபாயைப் பற்றி ஊரே பேசியது. மறுபக்கம், டி.கே. சண்முகம் ஔவைப் பாட்டியாக நடித்து அந்தப் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வாங்கிக்கொண்டார். ஆனால் இவையெல்லாம் வேடம். சுந்தராம்பாள் நந்தனாராக நின்றபோது நந்தனார் ஆணாகத்தான் இருந்தார்; தில்லை அந்தணர்கள் அவரிடம் பேசிய ஒரு சொல்லும் மாறவில்லை. பாத்திரமே பெண்ணாகிவிட்டால் சுற்றியிருக்கிற எல்லோருடைய வாயும் மாற வேண்டும். இது எனக்கு அப்போது தெரியாது. பெயரையும் வினைமுற்றையும் மாற்றினால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஊருக்குப் பிழைப்புத் தருவது மருத்துவக் குளியல் நிலையம். அதன் தண்ணீரில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கலந்திருக்கிறது என்று டாக்டர் கண்டுபிடிக்கிறார். ஊர் தன்னைக் கொண்டாடப் போகிறது என்று நம்புகிறார். நகர்மன்றத் தலைவர் அவருடைய சொந்த அண்ணன். பத்திரிகைக்காரர்கள் முதலில் டாக்டர் பக்கம். செலவுக் கணக்கு வெளியே வந்ததும் அண்ணன் பக்கம். பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கும் மாநிலத்தில் இந்தக் கதைக்கு முன்னுரை தேவைப்படவில்லை. சத்யஜித் ராய் 1989இல் இதை வங்காளத்தில் எடுத்தபோது குளியல் நிலையத்தைக் கோயில் தீர்த்தமாக்கினார். அது அபாரமான மாற்றம். அதைத் திருட வேண்டாம் என்று நாங்கள் தோலோடு நின்றுகொண்டோம்.

உறவுகளில்தான் முதல் வெடிப்பு. அண்ணனும் தம்பியும் மோதுவது அதிகாரச் சண்டை. அண்ணனும் தங்கையும் மோதினால் அரங்கில் பாதிப் பேர் கைக்குட்டையை எடுத்துவிடுகிறார்கள். அதோடு அந்த அண்ணன், டாக்டரின் மகளுக்குத் தாய்மாமன் ஆகிவிடுகிறார். மூலத்தில் அவர் தம்பியின் வேலையைப் பறிப்பதாக மிரட்டுகிறார். எங்கள் ராஜபார்ட் பெரியவர் ஒத்திகையில் தானாகவே வேறொன்றைச் சொன்னார்: “நாளைக்கு உன் மகளுக்கு யார் சீர் கொண்டுவருவார் என்று யோசித்துக்கொள்.” நான் எழுதிய வேலைநீக்க மிரட்டல் அதற்குப் பக்கத்தில் அலுவலகக் குறிப்பாணை மாதிரி இருந்தது. வெட்டிவிட்டேன்.

மாமனாரும் அப்படித்தான். மூலத்தில் மிக மோசமான கழிவை வெளியேற்றும் ஆலை, டாக்டரின் மனைவியை வளர்த்த கிழவருடையது. டாக்டர் பெண்ணானதும் கிழவர் கணவரின் அப்பா ஆனார். மருமகள், மாமனாரின் தொழிலை விஷம் என்று அறிக்கை எழுதுகிறாள். அந்த வீட்டின் அடுத்த வேளைச் சாப்பாடு எப்படி இருந்திருக்கும் என்று இப்சனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கணவர் வேடத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. மூலத்தில் டாக்டரின் மனைவி, நியாயம் உங்கள் பக்கம்தான், ஆனால் அதிகாரம் உங்கள் அண்ணன் பக்கம் இருக்கிறதே என்கிறாள். அவள் சொன்னால் குடும்பம் நடத்துகிறவளின் விவேகம். அதே வாக்கியத்தை, ஓர் அசையும் மாற்றாமல், கணவர் மனைவியிடம் சொன்னபோது கோரஸ் பெண்களில் ஒருத்தி “ஆரம்பித்துவிட்டார்” என்று முணுமுணுத்தாள். கணவராக நடித்த கணித ஆசிரியர் மிகவும் மென்மையானவர்; என்ன தவறு செய்தோம் என்று தெரியாமல் அன்று முழுக்க வாடிப்போயிருந்தார்.

ஊர்க்கூட்டக் காட்சிக்காக ஒரு பயிற்சி வைத்தேன். கோரஸ் முழுவதும் கூட்டமாக நின்று, வாய்க்கு வந்தபடி டாக்டரைத் திட்ட வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன் இதே பயிற்சியை ஓர் ஆண் நடிகரை நிற்க வைத்துச் செய்தபோது பைத்தியக்காரன், கைக்கூலி, நன்றிகெட்டவன் என்று வசைகள் கால் மணி நேரம் ஓடின. இப்போது இரண்டு நிமிடம் தாண்டுவதற்குள் எல்லா வசையும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது. எந்த இடம் என்று எழுதத் தேவையில்லை. திட்டியவர்களில் பெண்களும் இருந்தார்கள். அந்தப் பயிற்சியைப் பிறகு நாங்கள் செய்யவில்லை. நாடகத்துக்கு வைத்த பெயரிலும் அதே கதைதான். ‘ஊருக்கு ஆகாதவன்’ என்றால் முரடன், எதிர்த்துப் பேசுகிறவன். ‘ஊருக்கு ஆகாதவள்’ என்று சுவரொட்டியில் அடித்தபின் அச்சகத்துப் பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

தமிழ் இலக்கணம் ஓர் இடத்தில் கை கொடுத்தது. இப்சனின் கடைசி வசனம், உலகிலேயே வலிமையானவன் தனித்து நிற்பவனே என்பது. நிற்பவன் என்றால் வீரன். நிற்பவள் என்று எழுதிப் பார்த்தேன். பாவம், அவளுக்கு யாருமில்லையா என்று கேட்கத் தோன்றியது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டபின், பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்தது: தன்மையில் ஆண்பால், பெண்பால் கிடையாது. ‘நான் நிற்கிறேன்.’ முடிந்தது. பாடல்களைப் புரட்டிப் பார்த்தால் அவை பெரும்பாலும் தன்மையில்தான் இருந்தன. ஆணுக்காக முன்பே எழுதியிருந்த பாடல்களில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

ஆனால் பாட்டுதான் பெரிய ஆபத்தாகவும் இருந்தது. இப்சன் இதை எழுதிமுடித்தபோது, இன்பியல் என்று சொல்வதா வேண்டாமா என்று தன் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில் தயங்கியிருக்கிறார். ஸ்டாக்மன் கொஞ்சம் கோமாளி. புகழ் மயக்கம் உள்ளவர். தீவட்டி ஊர்வலமெல்லாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அதை மனத்துக்குள் பார்த்துவிடுகிறவர். மூன்றாம் அங்கத்தில் அண்ணன் மறந்துவைத்த தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, கைத்தடியோடு பத்திரிகை அலுவலகத்துக்குள் உலாவுகிறார். அவர் சொல்வது உண்மை, சொல்கிறவர் சிறுபிள்ளை. நாடகம் நிற்பதே இந்த இரட்டையின் மேல்தான். பெண்ணாக்கியவுடன் எனக்கு அந்தச் சிறுபிள்ளைத்தனத்தை எழுதக் கை வரவில்லை. நியாயம் கேட்டுத் தனியாக நிற்கும் பெண், எதிரே அதிகாரம், பின்னால் ஆர்மோனியம். அவர் தலைமுடியை அவிழ்க்காததுதான் குறை. மற்றபடி கண்ணகியே வந்துவிட்டாள். ஒவ்வொரு விருத்தத்துக்கும் டாக்டர் ஒரு படி உயர்ந்துகொண்டே போனார். கோபுரத்தில் ஏறிய சிலைக்குக் கால்சட்டை கிழிந்தால் என்ன, கிழியாவிட்டால் என்ன.

இதைக் கண்டுபிடித்தவர் அந்த நடிகைதான். “லேடி டாக்டர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று உங்களுக்கு யார் அண்ணே சொன்னார்கள்?” என்றார். இருபத்தைந்து ஆண்டுகளாக அவர்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர். வார்டுக்குள் நுழையும்போது ஸ்டெதஸ்கோப்பை எப்படித் தோளில் போடுவார்கள், தங்கப்பதக்கத்தை எத்தனையாவது நிமிடத்தில் பேச்சில் கொண்டுவருவார்கள் என்று நடித்துக்காட்டினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்று இரவே முதல் அங்கத்தைத் திருப்பி எழுதினேன். அண்ணனின் தொப்பி, தோள்துண்டாயிற்று. அவர் விட்டுப்போன துண்டைத் தங்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கட்சி மேடையில் ஏறுகிறவரைப் போலக் கைகூப்பி நாலு எட்டு நடப்பார். அதற்கு விளக்கமே வேண்டியிருக்கவில்லை.

நாய்ப் பேச்சையும் அவர்தான் தீர்த்தார். ஊர்க்கூட்டத்தில் ஸ்டாக்மன், பெரும்பான்மை எப்போதும் தவறு என்று தொடங்கி, சாதாரண மக்களைத் தெருநாயோடும் மேன்மக்களை உயர்ந்த இன நாயோடும் ஒப்பிடும் வரைக்கும் போய்விடுகிறார். பிறப்பால் உயர்வு என்ற வாசனை அடிக்கும் பேச்சு. ஆர்தர் மில்லர் 1950இல் அமெரிக்க மேடைக்காக எழுதியபோது இந்தப் பகுதியைக் களைந்துவிட்டார். நம் ஊரில் இதை ஏன் பேசக் கூடாது என்று எவருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நானும் முழுவதாக வெட்டினேன். வெட்டியதும் கூட்டத்தின் கோபத்துக்குக் காரணமே இல்லாமல் போயிற்று. நல்லவளை மூடர்கள் கல்லால் அடிக்கிறார்கள், அவ்வளவுதான். நடிகை சொன்னார்: “அவர் படிப்பைப் பற்றிப் பேசட்டுமே.” அப்படியே வைத்தோம். ‘நான் எழுதிய பரிசோதனை அறிக்கையை வாசிக்கத் தெரியாதவர்கள் எனக்கு எதிராகக் கை தூக்குகிறீர்களா?’ என்று டாக்டர் கேட்கிறார். இரண்டாவது நாள் மேடையில் இந்த வரி வந்தபோது, அதுவரை அவர் பக்கம் இருந்த அரங்கு சட்டென்று குளிர்ந்ததை நான் ஓரத்திரைக்குப் பின்னால் இருந்து உணர்ந்தேன். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

இசையில் நான் தலையிடவில்லை, என் அறிவு அவ்வளவுதான். ஆனால் ஆர்மோனியப் பெரியவர் செய்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் அங்கத்தில் அண்ணனுக்கும் தங்கைக்கும் வரும் வாக்குவாதத்தை நாங்கள் தர்க்கமாக அமைத்தோம். ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும், வள்ளியும் வேலனும் விடிய விடிய மோதும் பாட்டும் பேச்சுமான அந்தப் பகுதிக்காகவே கூட்டம் காத்திருக்கும். ராஜபார்ட் பெரியவரின் குரலுக்கு ஏற்ற சுருதி ஒன்றாம் கட்டை, நடிகைக்கு அதைவிட உயர்ந்த ஐந்தாம் கட்டை. ஒருவர் பாடி முடித்ததும் மற்றவருக்குச் சுருதி மாற்றித் தருவதுதான் வழக்கம். “மாற்ற வேண்டாம் தம்பி, அண்ணன் சுருதியிலேயே தங்கை பாடட்டும்” என்றார் ஆர்மோனியக்காரர். ஒன்றாம் கட்டையில் அவருடைய குரல் கீழே போனால் எடுபடாது, மேலே போனால் கிறீச்சிடும். நன்றாகப் பாடுகிற ஒருத்தி அந்தக் காட்சி முழுக்கச் சுமாராகப் பாடுவாள். எதற்கு என்று எவருக்கும் தெரியாது, ஆனால் மூச்சு முட்டும். ஊர்க்கூட்டத்தில் அவருக்குப் பாட்டே கிடையாது. வாயைத் திறக்கும்போதெல்லாம் கோரஸ் எடுத்துவிடும். ஐந்தாம் கட்டை முதன்முறையாக ஒலிப்பது கடைசிக் காட்சியில், உடைந்த கண்ணாடிக்கு நடுவில்.

அச்சகக்காரர் அஸ்லாக்சன் வாய்ப்பேச்சுக்கு வாய்ப்பேச்சு நிதானம் நிதானம் என்பார். அவரை ஸ்பெஷல் நாடகத்தின் கோமாளியான பபூன் ஆக்கினோம். அவருக்காக நான் எழுதிய நாலு வரியை இப்போதும் குழுவில் யாராவது முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறார்கள்:

மெல்ல மெல்ல நடக்க வேண்டும் – ஊரில்
மேல்வீடு கீழ்வீடு பார்க்க வேண்டும்
சொல்ல வந்த சேதி நெஞ்சில் – கொஞ்சம்
சூடாறிப் போனபின் சொல்ல வேண்டும்

இந்த மாதிரி மாற்றங்களை மற்றவர்கள் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தேடிப் படித்தேன். நாட்டிங்காமில் 2019இல் இதே ஸ்டாக்மனைப் பெண்ணாக்கி, அலெக்ஸ் கிங்ஸ்டன் நடித்திருக்கிறார். அதில் பாட்டு இல்லை. எனக்கு அதிகம் பாடம் சொன்னது ஸ்டீபன் சோன்ட்ஹைமின் ‘கம்பெனி’. 1970இல் வந்த இசை நாடகம். 35 வயதாகியும் திருமணம் செய்துகொள்ளாத பாபி என்ற ஆணைப் பற்றியது. 2018இல் லண்டனில் மரியான் எலியட் இயக்கியபோது பாபி பெண்ணானாள், அவனுடைய காதலிகள் மூவரும் காதலர்கள் ஆனார்கள். சோன்ட்ஹைமே வரிகளை மாற்றிக் கொடுத்தார். 35 வயது ஆணிடம் எப்போது கல்யாணம் என்று நண்பர்கள் கேட்பது அரட்டை. பெண்ணிடம் கேட்டால் பின்னணியில் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. எழுதியவர் உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்து திருத்தித் தருவது எவ்வளவு பெரிய வசதி என்று பொறாமையாக இருந்தது. இப்சனிடம் ஒரே ஒரு கேள்விதான் எனக்கு இருந்தது: அந்தக் கால்சட்டைக்கு நான் என்ன செய்வது?

குடை வைத்துப் பார்த்தோம். கம்பி மடங்கிய குடை சிரிப்பைத் தந்தது, ஆனால் அவருடையதாக இல்லை. மூக்குக்கண்ணாடி உடைந்தால் பரிதாபம். பட்டுப்புடவையில் முட்டைக்கறை என்று எழுதினேன். சலவைச் செலவைப் பற்றி இரண்டு வரி வந்தது, பரவாயில்லை என்ற அளவில் நின்றது. நாடகத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நடிகை ஒத்திகைக்கு வந்தார். மாடிப்படியின் கீழே எல்லோரும் செருப்பைக் கழற்றிப் போடும் இடத்தில் நாய் எதுவோ அவருடைய ஒரு செருப்பைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. மீதி ஒன்றைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோபமாக மேலே ஏறி வந்து, அறை வாசலில் நின்றார். புதுச் செருப்பு, போன வாரம்தான் வாங்கினேன் என்று தொடங்கினார்.

ஆர்மோனியப் பெரியவர்தான் முதலில் சிரித்தார். அவருக்குக் ‘கோவலன்’ நாடகம் முழுவதும் மனப்பாடம். கையில் ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் வாசலில் வந்து நிற்கும் கண்ணகிக்கு எத்தனை ஊரில் வாசித்திருப்பார்! கைகள் தானாக அந்த மெட்டைப் பிடித்துவிட்டன. நடிகைக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் செருப்பை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

அப்படியே வைத்துக்கொண்டோம். ஊர்க்கூட்டத்தில் இருந்து தப்பி வரும் டாக்டர் ஒற்றைச் செருப்போடு உள்ளே நுழைவார். ஆர்மோனியம் இரண்டு வரி சிலம்பு மெட்டை எடுக்கும். நியாயம் கேட்கப் போகிறவள் நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு போகக் கூடாது என்பார். முதல் நாள் அரங்கு வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவர் தரையில் உட்கார்ந்து கல் பொறுக்கத் தொடங்கிவிடுவார். சிரிப்பு எங்கே போயிற்று என்று சிரித்தவர்களுக்கே தெரியாது.

இரண்டாவது நாள் முடிந்தபின் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா ஒப்பனை அறைக்கு வந்தார். தோல் ஆலையைப் பற்றியோ அண்ணனைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. நடிகையின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒரு செருப்பை வைத்துக்கொண்டு என்னம்மா செய்யப் போகிறாய்? அதையும் அங்கேயே போட்டுவிட்டு வந்திருக்கலாமே” என்று கேட்டார்.

“இருக்கட்டும் அம்மா” என்றார் நடிகை, இன்னும் முகப்பூச்சைத் துடைக்காமல். “எடுத்தவன் இதைத் தேடிக்கொண்டு எப்படியும் வருவான்.”

மூன்றாவது நாளில் இருந்து அந்த வசனம் நாடகத்தில் இருக்கிறது.